முதல் கூறின் விலை

என் உயிருக்கு உயிரான சிநேகிதன் வேலுவுக்கு,

போன வாடைக்காற்றில் உன் கட்டுமரம் கவிழ்ந்தது. அடுத்த வாடை இதோ வரப்போகிறது. நீ இருக்கிற இடத்துக்கு இங்கத்திய சேதி எட்டுமா, எட்டாதா? எட்டாவிட்டாலும் எழுதுகிறேன், வேறு யாரிடமும் இதை நம்பிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "சிரிச்சாக்கூட எதுக்குச் சிரிச்சன்னு கேக்குறவன்டா நீ" என்று என்னைக் கேலி செய்வாயே, அந்தப் புத்தி இன்னும் போகவில்லை.

நான் காலேஜில் சேர்ந்துவிட்டேன். முதல் வருஷத்தில் எகனாமிக்ஸ் என்று ஒரு பாடம். வாத்தியார் பலகையில் இரண்டு கோடுகளைக் குறுக்காக இழுத்து, ஒன்று சரக்கின் வரத்து, மற்றது ஜனங்களின் தேவை, இரண்டும் சந்திக்கிற இடத்தில் விலை தானாக நிற்கும் என்றார். வாங்குகிறவர்கள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொள்ளாதவரை அப்படித்தான் நடக்குமாம். பையன்கள் எழுதிக்கொண்டார்கள். எனக்கு நம் திருவொற்றியூர்க் கரையின் மீன் ஏலம் ஞாபகம் வந்தது, அன்று முழுக்கப் பாடத்தில் மனம் ஒட்டவில்லை.

உனக்குத் தெரியாததா? துக்க வீட்டுப் பெண் கூடை எடுத்து வந்தால், வருஷம் திரும்புகிறவரை அன்றைய ஏலத்தின் முதல் கூறு, முதல் மீன் குவியல், அவளுக்குத்தான். அவள் கேட்ட விலைக்கு மேல் யாரும் கேட்பதில்லை. உன் அம்மாவும் அப்படித்தான் மலிவாக வாங்கி, தெருத்தெருவாக விற்றுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நல்ல வழக்கம்தான், நானும் பெருமைப்பட்டேன்.

ஆனால் மொத்த வியாபாரி குப்புசாமிக்கு உன் வீட்டின் மேல் இத்தனை கரிசனம் எங்கிருந்து வந்தது? நீ உயிரோடு இருந்தபோது உன் மீனை மூக்கைச் சுளிக்காமல் அவன் வாங்கியதுண்டா? இப்போது யாராவது தெரியாமல் முதல் கூறுக்கு வாயைத் திறந்தால் அவன்தான் முந்திக்கொண்டு அதட்டுவான். அந்தச் சந்தேகத்தில், காலேஜுக்கு டிராம் பிடிக்கப் போகுமுன் தினமும் கரைக்குப் போய் நின்று பார்த்தேன்.

சீக்கிரமே பிடிபட்டது. அம்மா தன் கூறை வாங்கி நகர்ந்ததும் அடுத்த கூறு ஏலத்துக்கு வரும். குப்புசாமி மெதுவாகக் கேட்பான். "அதே கடலு, அதே மீனு. அக்காவுக்கு ஒரு வெல, எனக்கு ஒரு வெலயா?" கட்டுமரக்காரர்கள் என்ன சொல்வார்கள்? துக்கத்துக்குக் கொடுத்த விலை என்று அவள் காது கேட்கச் சொல்ல யாருக்கு நா எழும்? கூசிப்போய் இறங்கிவிடுவார்கள். கடைசிக் கூறுவரை அந்த விலையை ஒட்டியே போகும். உன் அண்ணன் முருகேசன் இரவெல்லாம் கடலில் கிடந்து கொண்டுவந்த மீனும் அப்படித்தான் போயிற்று.

சொன்னால் அம்மாவின் பிழைப்பில் மண். சொல்லாவிட்டால் அண்ணன் பிழைப்பில் மண். நீ இருந்தால் என்ன செய்திருப்பாய்? நான் அம்மாவிடமே சொல்லிவிட்டேன்.

கூடையை அலம்பிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். "இன்னா நைனா பேசுற? ஊரே எனுக்காவ வாய மூடிக்கினு கீது. அதுல போயி குத்தம் கண்டுபுடிக்கிற."

"ஊரைச் சொல்லலம்மா. ஒருத்தனத்தான் சொல்றேன்."

அவள் மறுபடி கூடையை அலம்பத் தொடங்கினாள். காலேஜில் படித்த திமிரில் ஒரு நல்ல மனிதனைச் சந்தேகிக்கிறேனோ என்று எனக்கே என் மேல் சந்தேகம் வந்தது.

மறுநாள் காலை அவள் ஏலக்காரரிடம், "என் கூற கடேசியா வையிப்பா" என்றாள். அவர் முதலில் திரும்பிப் பார்த்தது குப்புசாமியை. ஏன் அவனைப் பார்த்தார் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அன்று முதல் கூறுக்கே போட்டி. விலை ஏறிக்கொண்டே போனது. முருகேசன் அண்ணன் ஒன்றும் புரியாமல் சிரித்தபடி நின்றார். கடைசிக் கூறு வந்தது. அம்மா வழக்கமான விலையைக் கேட்டாள். கூடைக்காரப் பெண்கள் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள், ஒருத்திகூட வாய் திறக்கவில்லை. குப்புசாமி ஓர் அணா ஏற்றினான்.

"மொதோ கூறுக்குத்தான்க்கா அந்த வயக்கம். கடேசிக்கு இல்ல."

அவளும் ஏற்றினாள். அவன் இன்னும் ஏற்றினான். பிறகு அவளால் முடியவில்லை. வெறுங்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவன் எதிரில் போய் நின்றாள்.

"எம் புள்ளைக்காவ வாய மூடிக்கினு கீறன்னு நெனச்சி, தெனமும் உன்னக் கையெடுத்துக் கும்புட்டேனே, குப்புசாமி."

அவன் வண்டியில் மீன் ஏற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். வேலு, நீ செத்த அன்றுகூட எனக்கு அழுகை வரவில்லை, அன்று கரையில் நின்று அழுதேன்.

அண்ணன் அள்ளிக் கொடுத்த மீனை அவள் வாங்கவில்லை. இனி எப்போதும் தன் கூறு கடைசிதான் என்று சொல்லிவிட்டாள். அந்தக் கூடைக்காரப் பெண்களிடம் பேசியிருக்கிறேன். எல்லாரும் காசைச் சேர்த்து, குப்புசாமிக்கு மேல் ஒரே ஆளாக ஏலம் கேட்டு, மீனைப் பங்கு போட்டுக்கொள்ளச் சம்மதித்திருக்கிறார்கள். அவர்களில் யார் குப்புசாமியிடம் போய்ச் சொல்வாள் என்று என் புத்தி இப்போதே துருவுகிறது. சொன்னால் சொல்லட்டும். நாளை முதல் உன் அம்மாவுக்குப் பக்கத்தில் நான் நிற்பேன். உன் சாவைக் காட்டி இந்தக் கரையில் இனி ஒருவனும் மலிவாக மீன் வாங்க மாட்டான்.

உன் அம்மா அஞ்சலையம்மாவுக்கு இனி உன் இடத்தில் இளைய மகன்,
உன் தம்பி துரைக்கண்ணு