ஐந்து வேலை நாள்

அன்பு மகள் வெர்னாவுக்கு, அப்பா அசரியா சொல்லச் சொல்ல எழுதப்படும் கடிதம்.

நம் ஊர் வளைகுடாவில் பனிக்கட்டி மே மாதக் கடைசி வரைக்கும் நகராமல் கிடந்ததே, அந்த வருடத்தை முதலில் மனதில் வைத்துக்கொள். துறைமுகச் சாலைக்கு முதல் தடவையாகத் தார் போட்டதும் அந்த வருடம்தான். குயின்டன் வீட்டுக் குதிரை படகுத்துறையிலிருந்து கடலில் விழுந்து, தானே நீந்திக் கரையேறி, ஒன்றுமே நடக்காத மாதிரி வீட்டுக்கு நடந்து போனதும் அதே கோடையில். அந்த அக்டோபரில் நீ பிறந்தாய். இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்று வரிசையாக வரும்.

இந்த முதியோர் இல்லத்தில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. சனிக்கிழமை பட்டாணி சூப்பில் உப்பு மாட்டிறைச்சி போடுவதாகச் சொல்கிறார்கள். நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். முழங்கால் மழைக்கு முன்னால் எனக்குச் சேதி சொல்லிவிடுகிறது. மற்றபடி நலம்.

திங்கட்கிழமை நீ போனில் அழுததை நான் மறக்கவில்லை. ஆறு வருடமாக, ஆல்பர்ட்டா எண்ணெய் வயலில் தொழிலாளர் தங்கும் கூடாரத்தில் பகலெல்லாம் அறைகள் துடைத்துவிட்டு, கட்டிலில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் படித்து, மனிதவளமும் தொழில் உறவும் என்கிற அந்தப் பட்டத்துக்கு அன்றைக்குக் கடைசித் தேர்வு எழுத உட்கார்கிறாய். பாதித் தேர்வில் கூடார இணையம் செத்துப்போகிறது. கடிகாரம் மட்டும் சாகாமல் ஓடி, தோல்வி என்று காட்டுகிறது. நீ வாத்தியாருக்குப் போன் போட்டுச் சொன்னாய். அவரும், "கவலப்படாதீங்க, பாத்துக்கலாம்" என்றார். அதோடு விட்டுவிட்டாய். மறுதேர்வு வேண்டுமென்றால் பத்து நாளுக்குள் எழுத்தில் மனுக் கொடுக்கவேண்டும் என்று விதி இருப்பதையும் நீயேதான் சொன்னாய். சொல்லிவிட்டு, "போதும்ப்பா, அம்பத்தோரு வயசுல எனக்கெதுக்கு இது? நான் ஊருக்கு வந்துடறேன்" என்றாய். போனை வைத்தாய். அப்புறம் எடுக்கவே இல்லை. இன்று ஆறாவது நாள்.

உன்கூட வேலை செய்கிற பெண்கள், "வந்துட்டாங்கடி ஆபீஸ் மகாராணி, தொடைக்கிற மாப்ப ஒளிச்சு வை" என்று சிரிக்கிறார்களாம். சிரிக்கட்டும். அவர்கள்தானே உன்னைத் தங்கள் தொழிற்சங்கப் பிரதிநிதியாகக் கைதூக்கி நிறுத்தினார்கள்? உன் மேற்பார்வையாளன், "படிச்சு முடிச்சா நீயும் எங்க பக்கம்தானே வரப்போற?" என்றானாம். அவனிடம் சொல், பட்டம் வாங்கிய மறுநாள் அவன் எதிர் நாற்காலியில் உட்காருவேன் என்று. முதலாளியும் தொழிலாளியும் ஒரே படகில் போகிறவர்கள் என்று உன் பாடப்புத்தகத்தில் இருப்பதாகச் சொன்னாய். நான் நாற்பது வருடம் படகில் போனவன். ஒரே படகில் இருந்தால் இரண்டு பேரும் நனைய வேண்டும். மீன் ஆலை மேனேஜர் லேங்டன் நனைந்து நான் பார்த்ததில்லை.

இனிமேல் சொல்லப்போவது நான் யாரிடமும் சொல்லாதது.

அந்த வருடம் மீன் ஆலையில் நான் சங்கத்தின் தளப் பிரதிநிதி, தொழிலாளர் புகாரை மேனேஜரிடம் கொண்டுபோகிறவன். சங்கமும் ஆலையும் போட்ட ஒப்பந்தம் முழுதும் எனக்கு மனப்பாடம். எந்தப் பிரிவு, எத்தனையாவது பக்கம் என்றுகூடச் சொல்வேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பது அப்போது உன் அம்மா எஃபிக்கு மட்டும்தான் தெரியும். அவள் வாசிப்பாள், நான் கேட்டு வைத்துக்கொள்வேன். யாருக்காவது புகார் என்றால் வீட்டுக்கு வந்து நான் சொல்வேன், அவள் எழுதுவாள். ஆலையில் எல்லோரும், "அசரியா கையெழுத்து என்னமா இருக்கு, பொம்பள கையெழுத்து மாதிரி" என்பார்கள். நானும் மார்பை நிமிர்த்திக்கொள்வேன்.

அக்டோபரில் எஃபி பிரசவத்துக்காக இரண்டு வாரம் முன்னதாகவே கப்பலேறி வளைகுடாவுக்கு அந்தப்பக்கம் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். அப்போது மீன் வெட்டும் வரிசையில் டார்கஸ் என்று ஒரு பெண். வயது இருபத்தாறு. மூன்று மாதக் கர்ப்பம். வாந்தி வருகிறது, வெளியே போகவேண்டும் என்று ஃபோர்மேன் ஹெட்லியிடம் கேட்டாள். "மீன் நிக்காதும்மா, நீ மட்டும் எப்படி நிக்க முடியும்?" என்றான். அவள் கத்தியைப் போட்டுவிட்டுப் போனாள். திரும்பி வந்தபோது வேலை இல்லை.

நான் இரண்டாம் நாளே லேங்டன் அறைக்குப் போனேன். ஹெட்லியும் இருந்தான். தக்க காரணமில்லாமல் யாரையும் வேலையை விட்டு நிறுத்தக் கூடாது என்கிற பதினொன்றாவது பிரிவைப் புள்ளி தவறாமல் சொன்னேன். லேங்டன் பொறுமையாகக் கேட்டான். தேநீர்கூடக் கொடுத்தான். "சரி அசரியா, நான் பாத்துக்கறேன்" என்றான். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன். ஆறாவது வேலை நாள் போய்க் கேட்டால், "எழுத்து எங்க? அஞ்சு வேலை நாளுக்குள்ள எழுத்துல குடுக்கணும்னு உங்க ஒப்பந்தமே சொல்லுதே. உனக்குத்தான் எல்லாம் மனப்பாடமாச்சே" என்றான். அவன் சிரித்த சிரிப்பு இன்றைக்கும் எனக்குக் காதில் இருக்கிறது.

பக்கத்து வீட்டில் கேட்டிருந்தால் யாராவது எழுதிக் கொடுத்திருப்பார்கள். சங்கச் செயலாளர் வைலி கூப்பிடு தூரத்தில்தான் இருந்தார். கேட்க என் கௌரவம் விடவில்லை. டார்கஸிடம், நான் எழுதிக் கொடுத்தேன், லேங்டன் கிழித்துப் போட்டுவிட்டான் என்று சொன்னேன். ஊரே நம்பியது. அவள் டொராண்டோவுக்குப் போய்ப் பத்தொன்பது வருடம் ஆபீஸ் கழிப்பறைகள் கழுவிவிட்டுத்தான் ஊர் திரும்பினாள்.

இந்த இடத்தில் பேனா நின்றுவிட்டது, வெர்னா. இதை எழுதித் தருகிறவர் பேனாவை மேசையில் வைத்துவிட்டு என்னையே பார்த்தார். பிறகு அவர் சொன்னதை விடாமல் எழுதச் சொல்லியிருக்கிறேன்:

"யோவ் அசரி. உனக்கு எழுதத் தெரியாதுன்னு ரெண்டு வருஷமா உன் கடிதமெல்லாம் எழுதுற எனக்குத் தெரியும். அப்ப அந்தப் பேப்பர யாரு எழுதியிருப்பான்னு ஒரு நாளாவது யோசிச்சேனா பாரு, நான் ஒரு மடச்சி. அம்பத்தோரு வருஷமா அந்த லேங்டனத் திட்டிக்கிட்டிருக்கேன். அவன் செத்த அன்னிக்குக் கேக் வேற செஞ்சேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். மன்னிப்புக் கேட்டேன். அதற்கு அவர், "அதுக்கெல்லாம் இப்ப நேரமில்ல. உன்ன நாளைக்குத் திட்டிக்கறேன். புள்ளைக்கு இன்னும் நாலு நாள்தான் இருக்கு, மேல சொல்லு" என்று பேனாவை எடுத்துக்கொண்டார்.

ஆகவே மேலே சொல்கிறேன். வாத்தியார் நல்லவராகவே இருக்கட்டும். வாயால் சொன்னதைக் கோப்பில் வைக்க முடியாது. இந்தக் கடிதம் கைக்குக் கிடைத்தவுடன் உட்கார். எந்தத் தேதி, எத்தனை மணிக்கு இணையம் நின்றது என்று எழுது. அப்போது கூடாரத்தில் வேறு யார் யாருக்கு நின்றது என்று கேட்டு, அவர்கள் பெயரையும் எழுது. உன்னைக் கேலி செய்கிற பெண்களிடமே கையெழுத்து வாங்கு, போடுவார்கள். எந்த விதிப்படி கேட்கிறாய் என்று எழுது. என்ன வேண்டும் என்று கடைசியில் தெளிவாக எழுது: மறுதேர்வு. கெஞ்சாதே, நன்றி மட்டும் சொல். அனுப்பியதற்கு அத்தாட்சி வைத்துக்கொள். இங்கே வேலை செய்கிற பெண் இந்தக் கடிதத்தைப் படம் பிடித்து இன்றைக்கே உன் போனுக்கு அனுப்புகிறேன் என்றிருக்கிறாள். போன் எடுக்காவிட்டாலும் படத்தைப் பார்ப்பாய்.

நீ பிறந்ததால்தான் அம்மா எழுத முடியாமல் போனது என்று ஒரு நொடிகூட நினைக்காதே. தவறு முழுதும் என் வாயினுடையது, என் மார்பினுடையது. உன்னை ஊருக்கு வராதே என்று சொல்லவில்லை. பட்டத்தோடு வா. படகுத்துறைக்கு நான் நடந்தே வருவேன், முழங்கால் என்ன சொன்னாலும் சரி.

அந்த அறையில் தேநீர் குடித்த லேங்டன் போய்விட்டான். ஹெட்லி போய்விட்டான். வைலி கடலோடு போனார். உன் அம்மா போய் ஒன்பது வருடம். நான் பதில் சொல்ல வேண்டியவர்களில் ஒருத்தி மட்டும் உயிரோடு இருக்கிறாள். உன் மனு போய்ச் சேர்ந்த செய்தியை எனக்குச் சொல்வதற்கு முன்னால் அவளுக்குச் சொல். கடவுள் உன் கையை நடுங்காமல் வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா அசரியா கீப்பிங்
(கையெழுத்துக்குப் பதிலாகக் கீழே நான் வரைந்தது ஒரு மீன்முள்)

எழுதியவர்: டார்கஸ்.