புளியமரத்துச் சின்னச் சக்கரம்

12.7.79, வியாழன்

விடிந்ததிலிருந்து மூடுபனி. எதிர் வீட்டுக் கூரைகூடத் தெரியவில்லை. பள்ளிக்குப் போய்ச் சேர்வதற்குள் பாவாடை முழங்கால் வரை ஈரம். வரலாற்று விடைத்தாள் வந்தது. 71. குறைவுதான்.

சாயங்காலம் பரணிலிருந்து கோணியை இறக்கினேன். மாசியில் அண்ணன் புளி உலுக்க ஏறி விழுந்த நாளிலிருந்து அதை யாரும் தொடவில்லை. உள்ளே: பலாப் பலகையில் அறுத்த பெரிய சக்கரம். நடுச் சக்கரம், பாதி. சின்ன ரம்பம், உளி இரண்டு, அரம் ஒன்று. பள்ளி நூலகப் புத்தகம். அதில்தான் அந்தப் படம், முழுக்க மரத்தால் செய்த கடிகாரம், கல் தொங்கவிட்டால் ஓடுவது. நான் படித்துச் சொல்ல வேண்டும், அண்ணன் அறுக்க வேண்டும் என்று பேசி வைத்திருந்தோம்.

அம்மா பார்த்துவிட்டு, “எறக்கனது நல்லதாப் போச்சு. அடுப்புக்கு ஆவும்” என்றாள்.

நான் முடிக்கிறேன் என்றேன். களி கிண்டி இறக்கிய பிறகுதான் அம்மா சொன்னாள்: “ஆடிப் பூசைக்கு வூடு மெழுவணும். அதுக்குள்ள அது ஓடணும். இல்லன்னா நீ இன்னா சொன்னாலும் அடுப்புதான்.”

இனி இதில் அண்ணனை அ. என்றே எழுதப் போகிறேன். முழுவதும் எழுத வந்தால் பேனா நின்றுவிடுகிறது.

14.7, சனி

பள்ளி இல்லை. நடுச் சக்கரம் அறுத்தேன். அ. போட்ட பென்சில் கோட்டின் மேலேயே அறுக்க வேண்டும். அறுக்க அறுக்கக் கோடு தூளாகப் போகிறது. கொஞ்சம் வெளியே தள்ளி அறுத்துப் பார்த்தேன், கோடாவது இருக்கட்டும் என்று. பல் தடித்துப் பக்கத்துச் சக்கரத்தில் சிக்கிக்கொண்டது. பிறகு கோட்டையும் சேர்த்தே அரத்தால் தேய்த்தேன்.

பக்கத்து வீட்டுப் பெரியம்மா சாமை புடைத்துக்கொண்டே, “பொட்டப் புள்ள உளியப் புடிச்சா எவன்டீ கட்டிக்குவான்?”

“ஆசாரி கட்டிக்குவான்” என்றேன்.

பெரியம்மா முறம் குலுங்கச் சிரித்தாள். உள்ளே அம்மாவும் சிரித்தாளோ என்று காது கொடுத்தேன். பாத்திரச் சத்தம்தான்.

15.7, ஞாயிறு

அச்சுக்குப் பழைய குடைக் கம்பி. சுழலும் இடத்தில் விளக்கெண்ணெய் விட்டேன். தப்பு. மரம் ஊறி இறுகிக்கொண்டது. காய வைத்து, பென்சில் முனையைச் சுரண்டி அந்தத் தூளைத் தடவினேன். வழுக்கிக்கொண்டு சுற்றுகிறது. இது புத்தகத்தில் இல்லை. எனக்கே தோன்றியது. சொல்ல ஆளில்லை.

19.7, வியாழன்

மழை. அடிவாரத்திலிருந்து ஜீப் மலைக்கு ஏறவில்லை, அதனால் மண்ணெண்ணெய் இல்லை. வெளிச்சம் போவதற்குள் எழுத வேண்டும்.

சின்னச் சக்கரம் இரண்டாம் முறையும் உடைந்தது. ஊசல் ஆடும்போது ஒவ்வொரு பல்லாகத் தட்டி விடுவது இதுதான். அது இல்லாமல் மற்ற எல்லாம் வெறும் கட்டை. மரத்தின் இழை போகும் பக்கத்துப் பற்கள் நிற்கின்றன. இழைக்குக் குறுக்கே நீட்டிக்கொண்டிருப்பவை விரல் பட்டாலே ஒடிகின்றன. இவ்வளவு சின்னப் பல்லுக்குப் பலா தாங்காது போலிருக்கிறது.

ஒடிந்த பற்களை அப்பா உள்ளங்கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

அம்மா பூசைக்குச் செம்மண் கொண்டுவந்து மூலையில் கொட்டிவிட்டாள்.

22.7, ஞாயிறு

காலையில் என் பாய் பக்கத்தில் ஒரு மரத்துண்டு. உள்பக்கம் கருஞ்சிவப்பு. கையில் எடுத்தால் கல் கனம்.

“எந்த மரம்பா?”

“வைரம் பாஞ்ச மரம். அறு.”

ஒரு ஓரத்தில் பட்டை ஒட்டியிருந்தது. பட்டையில் இரட்டைக் கொத்து. எங்கள் புளியமரங்களுக்கு அப்பா போடும் அடையாளம்.

இதை எழுதலாமா என்று யோசித்தேன். யார் படிக்கப் போகிறார்கள். எழுதுகிறேன். அ.வைப் புதைத்த மறுநாள் அப்பா அந்த மரத்தை அடியோடு வெட்டிச் சாய்த்தார். ஆள் விழுந்து செத்த மரம், விறகாகக்கூட ஒரு துண்டு வீட்டுக்குள் வரக் கூடாது என்று எல்லார் முன்னாலும் சொன்னார். அன்றிலிருந்து கொல்லை ஓரம் கிடக்கிறது. அம்மா அந்த வழியாகப் போவதே இல்லை.

மத்தியானம் போய்ப் பார்த்தேன். அடிமரத்தில் புது வெட்டு. சிராய் ஈரத்தில் ஒட்டிக் கிடந்தது.

பட்டையைச் செதுக்கிக் கொல்லையிலேயே புதைத்தேன். அறுத்தேன். ரம்பம் இறங்கவே மாட்டேன் என்கிறது. உள்ளங்கையில் கொப்புளம்.

25.7, புதன்

கணக்குப் பாடத்தில் தூங்கிவிட்டேன். டீச்சர் திட்டவில்லை. மாசிக்குப் பிறகு யாருமே என்னைத் திட்டுவதில்லை. அது பிடிக்கவில்லை.

சின்னச் சக்கரம் முடிந்தது. ஒரு பல்கூட ஒடியவில்லை. அப்பா அதைத் தடவிக்கொண்டே தனக்குத்தானே சொல்வது போல, “முட்டி வலின்னு அவன ஏறச் சொன்னேன். நான் ஏறியிருக்கணும்” என்றார். நான் அரத்தைத் துடைப்பது போல இருந்தேன்.

28.7, சனி

ஓடிவிட்டது.

நடு வீட்டுச் சுவரில் மாட்டி, கயிற்றில் கல்லைக் கட்டி, ஊசலை ஆட்டிவிட்டேன். டொக். டொக். ஒரே முள்தான், மணி முள். இரண்டாவது முள்ளுக்கு இன்னும் சக்கரம் வேண்டும், அது எனக்கு வராது. பெரியம்மா வந்து, “ஒத்த முள்ளா? மீதி முள்ளு சந்தைக்குப் போயிருக்குதா?” என்றாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

அம்மா கிட்டே வந்து வெகுநேரம் பார்த்தாள். பெரிய சக்கரத்தில் நான் தேய்க்காமல் விட்ட ஒரு பென்சில் கோட்டை விரலால் தொட்டாள். பிறகு விரல் சின்னச் சக்கரத்துக்குப் போனது.

“எல்லாம் மஞ்சளா இருக்குது. இது மட்டும் இன்னா கறுப்பு?”

நான் அப்பாவைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

“நம்ம மரந்தான்” என்றார் அப்பா.

அம்மா அவரிடம் பேசவில்லை. என்னிடம் சொன்னாள்: “ஒரு துண்டு வரக் கூடாதுன்னு ஊர் முன்னால சொன்னது உங்கப்பன்தான? என் புள்ளயத் தள்ளிவுட்டது என் வூட்டுக்குள்ள நின்னு டொக்கு டொக்குன்னு தட்டுமா?”

“பலாவுல பல்லு நிக்கலம்மா.”

“எடு.”

அப்பாவே கழற்றினார். அடுப்புப் பக்கம் போகவில்லை. மாட்டுக் கொட்டாய்க்குக் கொண்டுபோய் நடுக்கம்பத்தில் மாட்டினார். ஆணி இரண்டு முறை வளைந்தது. ஊசலை ஆட்டிவிட்டு வந்தோம்.

ராத்திரி யாரும் சாப்பிடவில்லை.

29.7, ஞாயிறு

தூறல். குளிர். அப்பா விடியலிலேயே மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். அடுப்பு பற்றவைத்து, வரகு கழுவி வைத்தேன். சாணி அள்ளப் போன அம்மா வரவே இல்லை. போய்ப் பார்த்தேன்.

கூடை காலி. சாணி அள்ளாமல் அப்படியே கிடக்கிறது. அம்மா கம்பத்துக்கு எதிரில் ஈரத் தரையில் உட்கார்ந்திருந்தாள். முந்தானை தலைமேல். நான் வந்தது தெரிந்தும் திரும்பவில்லை. ஊசல் போகும் பக்கமெல்லாம் கண் போய் வந்தது.

உள்ளே வாம்மா என்று சொல்ல வாய் எடுத்தேன்.

“கல்லு தரையத் தொடப் போவுது மல்லி,” என்றாள். “நின்னுடும். ஏத்திவுடு.”

ஏற்றினேன்.