விளிம்பில் கண்ட கருகல்

அன்புள்ள அப்பாவுக்கு,

மூச்சு வாங்கிறது இப்ப குறைவோ? அம்மாவின்ரை முழங்கால் எப்பிடி? நான் நல்ல சுகம். இஞ்சை எல்லிங்ஸ்ருட்டிலை என்ரை அறைக்கு வெயில் வரத் தொடங்கிட்டுது.

இருதயக் குழாய் அடைப்புக்கு வைக்கிற ஸ்டென்ட் எண்ட சின்ன உலோக வலைக் குழாயை எங்கடை தொழிற்சாலையிலை நாங்கள் லேசராலை வெட்டுறனாங்கள். அது விட்டு விட்டு அடிக்கும். ஒரு அடி, கண் இமைக்கிற நேரத்திலை கோடியிலொரு பங்குகூட இல்லை. அதாலை உலோகம் கருகாது. ஆனால் திங்கட்கிழமை ஒண்டின்ரை விளிம்பிலை கருகல் கண்டு மெஷினை நிப்பாட்டிட்டன்.

"அவசர ஓடர், நிலானி" எண்டு மேலாளர் முகத்தைச் சுழிச்சார்.

"இது ஒருத்தற்றை நெஞ்சுக்குள்ளை போறது" எண்டன்.

திறந்து பாத்தால் லேசர் வாற கண்ணாடியிலை அழுக்கு. அண்டைக்கு வெட்டின நாற்பதையும் அவரே எடுத்து எறிஞ்சிட்டு, எனக்குக் கோப்பி போட்டுத் தந்தார்.

நீங்கள் பயத்திலை ஸ்டென்ட் வைக்கிறதைத் தள்ளிப் போடுறியள் எண்டு அம்மா எழுதியிருந்தா. செய்யிற ஆக்கள் இப்பிடிப் பாத்துப் பாத்துத்தான் செய்யிறம், அப்பா. டொக்டரிட்டை ஓம் எண்டு சொல்லுங்கோ.

ஒராளுக்குப் புட்டு அவிக்க எவ்வளவு மா எண்டு அம்மாவைக் கேட்டு எழுதுங்கோ. எனக்கு எப்பவும் மிஞ்சுது.

பஸ் வருது, இதோடை முடிக்கிறன்.

உங்கட மகள்
நிலானி