தாடையில குடி வந்தவங்க

ஏங்க, நான் பல் டாக்டரம்மாகிட்ட கிளம்பிட்டேன். நீங்க அசந்து தூங்கிட்டு இருந்தீங்க, எழுப்ப மனசு வரலை. சாதம் குக்கர்ல இருக்கு.

என் தாடை எலும்பு தேஞ்சுபோச்சு, வேற எலும்பு வச்சாதான் பல்லு நட முடியும்னாங்க, சரின்னேன். அது செத்துப்போன யாரோ தானமா குடுத்த எலும்புன்னு தையல் பிரிக்கிறப்போ நர்ஸ் பொண்ணு சொல்லித்தான் எனக்குத் தெரியும். நீங்க தெரிஞ்சே மறைச்சுட்டீங்க. அந்தக் கோவத்துலதான் இத்தனை நாளா மூஞ்சியைத் தூக்கி வச்சிருந்தேன். அன்னிலேருந்து தனியா சாப்பிட்டாலும் கூட யாரோ மெல்லுற மாதிரியே இருந்துச்சு. காரத்தைக்கூடக் குறைச்சுட்டேன், அந்த எலும்பு குடுத்தவங்களுக்கு ஆகுமோ ஆகாதோன்னு. உப்புச்சப்பில்லன்னு நீங்க முணுமுணுத்தது அதனாலதான்.

நேத்து டாக்டரம்மா போன்ல, "அந்த எலும்பெல்லாம் கரைஞ்சு உங்க எலும்பாவே ஆயிடுச்சும்மா, இனி பல்லு நடுற திருகு நல்லா நிக்கும்"னு சொல்றாங்க. சந்தோஷமா சொல்றாங்க. நான் போனை வச்சுட்டு தாடையைத் தடவிப் பாத்தேன். அப்போ எலும்பு குடுத்தவங்க எங்க போனாங்க? ஆம்பளையா பொம்பளையான்னுகூட நான் கேக்கலையே.

சொல்ல மறந்துட்டேன், திருகு வைக்க பத்து மணிக்கு மேல ஆகும். சாவியைப் பக்கத்து வீட்டுல குடுத்துட்டு நீங்களும் அங்க வாங்க. கோவமெல்லாம் போயிடுச்சு. இத்தனை மாசமும் டாக்டரம்மாவோட நாற்காலியில ரெண்டு பேரா உக்காந்தேன். இன்னிக்குத் தனியா உக்கார பயமா இருக்குங்க.