பலகையைப் பலகை மறைப்பது குறித்து

அனுப்புநர்:
பூட்டு பழுதுபார்ப்பவர்,
தெருக்கோடி வீடு.

பெறுநர்:
நகராட்சி ஆணையர் அவர்கள்.

பொருள்: விழிப்புணர்வுப் பலகையை இடம் மாற்றக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. கடந்த செவ்வாயன்று தங்கள் அலுவலகத்தில் “பலகையைப் பலகை மறைக்குது” என்று முறையிட்டு, எழுத்தரைக் குழப்பி, பெயர்ப்பலகைப் பிரிவுக்கு அனுப்பப்பட்டு, அங்கே என் கடைக்கு உரிமம் உண்டா என்று கேட்டதும் நழுவி வந்தவன் நான்தான். இம்முறை தெளிவாக எழுதுகிறேன்.

2. எங்கள் வீட்டுக்கு மின்கம்பி இன்னும் வரவில்லை. கூரைமேல் உள்ள நான்கு சூரியப் பலகைகளே எங்கள் மின்நிலையம். அவை பேட்டரியை நிரப்பும். அந்தப் பேட்டரியில்தான் என் மகளின் சக்கர நாற்காலி சார்ஜ் ஆகிறது. கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்யும் அவள், தானே போய்த் தானே வருபவள்.

3. சென்ற மாதம் எங்கள் வாசலை ஒட்டி, கூரையைவிட உயரமாக, ‘வீட்டுக்கு வீடு சூரிய மின்சாரம்’ என்ற பெரிய பலகையை நட்டீர்கள். கருத்தில் எனக்கு ஆட்சேபணை இல்லை, நிற்கும் இடத்தில்தான். காலை பத்து முதல் மதியம் இரண்டு வரை அதன் நிழல் எங்கள் பலகைகளில் ஏதாவதொன்றின் மேல் விழுகிறது.

4. விவரம் தெரியாமல் நான், சூரியப் பலகைகளை மாட்டித் தந்த மெக்கானிக்கோடு சண்டைக்குப் போனேன். வெயில் இப்படிக் கொளுத்தும்போது கரண்ட் எங்கே போயிற்று என்று கத்தினேன். அவரோ, “அண்ணே, இது சூட்டைத் தின்னாது, வெளிச்சத்தைத்தான் தின்னும். நாலையும் ஒரே கம்பியில கோத்திருக்கு. ஒண்ணு படுத்தா மத்த மூணும் சுணங்கிடும்” என்றார். எங்கள் குடும்பமும் அப்படித்தான் என்பதால் உடனே புரிந்தது.

5. பாதி சார்ஜில் போகும் நாற்காலி, திரும்பும் வழியில் மேட்டில் நின்றுவிடுகிறது. “அப்பா, குதிரை படுத்துடுச்சு, வாங்க” என்று போன் வரும். கடையைச் சாத்திவிட்டு ஓடுவேன். தள்ளி வரும்போது தெரிந்தவர் யாரேனும் எதிர்ப்பட்டால், அவள் கைப்பேசியைப் பார்ப்பதுபோலக் குனிந்துகொள்கிறாள்.

6. ஆகவே, பலகையைத் தெருவின் எதிர்ச்சாரிக்கு மாற்றித் தருமாறு வேண்டுகிறேன். குழியை நானே தோண்டித் தருகிறேன். ஆழம் மட்டும் சொல்லுங்கள்.

இடம்: பூட்டுக் கடை
நாள்: மார்ச் 9

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
(கையொப்பம்)

பின்குறிப்பு: மனுவின் பிழைகளைத் திருத்தியவள் மகள். இது அவள் திருத்தித் தந்தபின் எழுதுவது. அவளைத் தள்ளி வரும் மாலைகளில், சின்ன வயதில் தூக்கிச் சுமந்ததுபோல, எனக்கு உள்ளூரச் சந்தோஷமாக இருக்கிறது. அவளிடம் சொல்லவில்லை. நான் இதற்குப் பழகிப்போவதற்குள் பலகையை மாற்றிவிடுங்கள் ஐயா.