இடது கை நாடி

ஜூன் 3, செவ்வாய்
விடிந்ததிலிருந்து மழை. மின்சாரம் இல்லை. சீன வைத்தியர் சங்கத்தின் உறுப்பினர் படிவம், நான்கு பக்கம், எல்லாம் பர்மிய மொழியில். சங்கத்து அட்டை கிடைக்காவிட்டால் வாசலில் உள்ள வைத்தியப் பலகையைக் கழற்ற வேண்டும் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார்.
வேண்டியவை: போட்டோ 4. அக்குபங்சர் சான்றிதழ் நகல். உறுப்பினர் ஒருவர் கையெழுத்து (டாக்டர் சயா ஜோ போடுவார்).
9ஆம் கேள்வி: உங்கள் சிகிச்சைக்குப் பின் யாருக்காவது தீங்கு நேர்ந்ததா?
காலியாக விட்டேன்.

ஜூன் 4, புதன்
சயாவிடம் கேட்டேன். பர்மிய மொழியில் பட்டென்று சொன்னார்: "இல்லைன்னு எழுதும்மா. ஊசியா கொன்னுது?"
ஊசி கொல்லவில்லைதான்.
போன பங்குனித் திருவிழா சமயம். தீமிதிக்குக் காப்புக் கட்டியிருந்த பார்வதி அக்கா, இடது தோள் வலி என்று வந்தாள். முகமெல்லாம் வேர்வை. வெயிலில் நடந்து வந்ததால் என்று நினைத்தேன். பெண்களுக்கு இடது கையில்தானே காப்பு? மஞ்சள் கயிறு, சரியாக நாடி பிடிக்கும் இடத்தில். விரதக் காப்பை நகர்த்த மனம் வரவில்லை. வலது கை மட்டும் பார்த்தேன். நான் படித்த வைத்தியத்தில் இதயத்தின் நாடி இடது கையில். தோளில் நாலு ஊசி போட்டு அனுப்பினேன். மறுநாள் விடிகாலை மாரடைப்பில் போய்விட்டாள். தீ மிதிக்கவே இல்லை.
இடது நாடி பார்க்காதது யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும்.

ஜூன் 6, வெள்ளி
போட்டாதாங் ஆற்றங்கரைக்குப் போனேன். குடைக் கம்பி முறிந்தது. அக்காவின் கணவர் மாணிக்கம் அண்ணனுக்கு அங்கே படகுத்துறைக் கிடங்கில் காவல் வேலை. எல்லாவற்றையும் சொன்னேன். வாங்கி வைத்த டீ ஆறிப்போனது. ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"அன்னிக்கு வந்து ஒன்னப் பத்திதாம்மா பெருமையாப் பேசினா. மலரு காப்பத் தொடவே இல்லீங்க, நல்ல பொண்ணுன்னு."
அழுதுவிட்டேன். அவர் அழவில்லை.
"அந்தப் படிவத்துல எழுதட்டுமாண்ணே?"
"எழுது."
ஆறிய டீயைக் குடித்துவிட்டுக் கிடங்குக்குள் போனார்.

ஜூன் 9, திங்கள்
9ஆம் கேள்விக்கு ஆறு வரி. சயா இரண்டு முறை வாசித்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். கையெழுத்துப் போட்டார். "அட்டை கெடைக்காது, சயாமா." சயாமா என்றால் பெண் டாக்டர். என்னை அப்படி அழைத்தது இதுதான் முதல் தடவை.
வாங்க: குடை, வெங்காயம், கொசுவர்த்தி.

ஜூன் 20, வெள்ளி
பதில் வந்தது. ஓராண்டு தள்ளிவைப்பு. அதுவரை சயாவின் கிளினிக்கில், அவர் மேற்பார்வையில் மட்டும் வைத்தியம். நியாயம்தான். பலகையைக் கழற்றினேன். ஒரு ஆணி மட்டும் வரவே இல்லை, விட்டுவிட்டேன்.

ஜூன் 23, திங்கள்
சயாவின் கிளினிக். தூறல். மூன்றாவதாக வந்தவர் மாணிக்கம் அண்ணன். சட்டைக் கை இரண்டையும் முழங்கைவரை மடித்துவிட்டிருந்தார்.
"என்ன செய்யுதுண்ணே?"
"படியேறினா மூச்சு வாங்குது." இரண்டு கையையும் மேஜைமேல் வைத்தார். "ரெண்டையும் பாரும்மா."
இடது கையை முதலில் பிடித்தேன். வெகுநேரம் விடவில்லை. சயாவும் பிடித்துப் பார்த்தார், தலையசைத்தார். ஊசிப் பெட்டியைத் திறக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதியாயிற்று. கூட நானும் போகிறேன். டாக்ஸி வந்துவிட்டது.