நீ அனுப்பிய புத்தகத்தில் வரும் தகப்பன்

கிள்ளான்,
14.6.1986

அன்பு மகன் வாசுவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, தங்கச்சி ரமணி மூவரும் மாரியம்மன் புண்ணியத்தில் சுகம். கடல் தாண்டி கோத்தா கினபாலுவில் இருக்கும் நீயும் நோய்நொடி இல்லாமல் வேளைக்குச் சாப்பிட்டு வேலைக்குப் போய் வர வேண்டும் என்று தினமும் கும்பிடுகிறோம். இதைச் சாப்பிட்டு முடித்துச் சாவகாசமாக உட்கார்ந்து படி, நீளமான கடிதம். எழுத்தைப் பார்த்தே தெரிந்திருக்கும், நானே எழுதுகிறேன். இதுவரை கடைக்காரர் கன்னையாதான் எழுதிக் கொடுத்தார், நல்ல மனிதர், ஆனால் நான் கோபமாகச் சொன்னதைக்கூடப் பணிவாக்கி எழுதிவிடுவார். இனிமேல் என் கோபம் உனக்கு நேராக வரும். ஒரு வரி எழுத எனக்கு ஒரு கோப்பி ஆறிப்போகிறது, ஆனாலும் என்ன சந்தோஷம் என்று உனக்குச் சொல்லி முடியாது. பஸ் வந்தால் யாரையும் கேட்காமல் ஏறுகிறேன், தேவையில்லாத பஸ்ஸின் பலகையையும் படிக்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ரமணிக்கு நீ அனுப்பிய பச்சை அட்டை நாவல் வந்து சேர்ந்தது. அதே வாரத்தில்தான் அவளுக்கு ஈப்போவில் தாதிப் பயிற்சிக்கு இடம் கிடைத்த செய்தியும் வந்தது. இரண்டும் ஒன்றாக வந்ததை நான் கவனிக்காமல் இல்லை. ஈப்போ என்றால் ஹாஸ்டலில் தங்க வேண்டும், மூன்று வருஷம், பதினெட்டு வயதுப் பெண். மாதக் கடைசிக்குள் வருகிறேன் வரவில்லை என்று பதில் சொல்லியாக வேண்டும். பார்க்கலாம் என்று மட்டும் சொல்லி வைத்தேன். அவளோ அந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டு சோற்றைக் குழையவிட்டாள், இஸ்திரிப்பெட்டியால் என் சட்டையைக் கருக்கினாள், தானாகச் சிரித்தாள். என்ன புத்தகம் என்று கேட்டேன், பதினேழு வயசுப் பொண்ணு ஒருத்தியோட கதைப்பா என்றாள். எனக்குச் சரியாகப் படவில்லை. கொண்டா இங்கே, முதலில் நான் படித்துப் பார்த்துவிட்டுத் தருகிறேன், அதுவரை இந்த வீட்டில் யாரும் தொடக் கூடாது என்று வாங்கி வைத்துக்கொண்டேன். கொடுக்கும்போது அவள் சிரித்தாளே, அதையும் நான் கவனித்தேன்.

எனக்கு எழுத்துச் சொல்லித்தரும் மார்க்கிரட் டீச்சரைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன் அல்லவா, சங்கக் கட்டடத்தில் சாயங்கால வகுப்பு எடுக்கும் யாழ்ப்பாணத்து அம்மா. முதல் நாளே அவர் எங்களுக்குச் சொன்னது, "வாயை மூடிக்கொண்டு இருந்தால் நீங்கள் எழுத்தைப் பாக்கிறியள் ஐயா, வாசிக்கேல்லை." ஆகவே நான் எதையும் வாய்விட்டுத்தான் படிப்பேன், மனதுக்குள் படிக்க இன்னும் எனக்கு வரவில்லை. நீயும் ரகசியம் ஏதாவது இருந்தால் கடிதத்தில் எழுதாதே. தினமும் விளக்கு வைத்த பிறகு உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தேன். நம் வரிசை வீட்டுப் பலகைச் சுவர் உனக்குத் தெரியும், பக்கத்து வீட்டில் தும்மினால் இங்கே நூறு ஆயுசு என்போம். அந்தக் கதைப் பெண் பெயர் தவமணி, தோட்டத்துப் பெண். தகப்பன் தூங்கும்போது விடியுமுன்னே பெட்டியைத் தூக்கிக்கொண்டு சாலைக்கு வந்து கோலாலம்பூர் பஸ்ஸுக்கு நிற்கிறாள். அந்த இடத்தில் எனக்குக் கண் வலித்துப் புத்தகத்தை மூடிவிட்டேன். உடனே சுவருக்கு அந்தப் பக்கமிருந்து இராஜம்மாவின் மூத்த பெண் லெட்சுமியின் குரல், "மாமா, நிறுத்திடாதீங்க லா. பஸ் ஏறிட்டாளா இல்லையா?" என் வீட்டுப் பெண் படிக்கக் கூடாது என்று வாங்கி வைத்த புத்தகத்தை நான் தெருவுக்கே படித்துக் காட்டியிருக்கிறேன். ரமணி ஏன் சிரித்தாள் என்று அப்போதுதான் விளங்கியது, ஏற்கெனவே படித்து முடித்த கதையை அவள் அடுப்படியில் இருந்தபடியே இரண்டாம் தரம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். லெட்சுமி கேட்டாளே என்று பிறகும் தினமும் படித்தேன், நாலு நாள் கழித்து இராஜம்மா சண்டைக்கே வந்துவிட்டாள். லெட்சுமி ஷா ஆலம் பேக்டரியில் சேர்ந்து ஹாஸ்டலில் தங்கப்போகிறேன் என்று அடம் பிடிக்கிறாளாம். "ஒங்க வீட்டுப் பொண்ணு கெட்டுடக் கூடாதுன்னு எங்க வீட்டுப் பொண்ணுங்களுக்குப் படிச்சுக் காட்டுறீங்களா அண்ணே" என்று கேட்டாள். திட்டி முடித்துவிட்டுப் போகிற போக்கில், கதையில் தவமணிக்கு அறை கொடுக்கிற அந்த பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்காரி நல்லவதானா என்று தாழ்ந்த குரலில் கேட்டாள், உன் அம்மா அவளை உட்காரவைத்துத் தேத்தண்ணி கொடுத்தாள்.

புத்தகம் எப்படி என்று நீ கேட்பாய். நான் போர்ட் கிள்ளானில் மூட்டை தூக்கியவன், தையல் ரொம்பச் சீராக இருக்கிற மூட்டையைத்தான் நாங்கள் சந்தேகப்படுவோம், யாரோ நடுவில் பிரித்து எடுத்துவிட்டுத் திரும்பத் தைத்திருப்பார்கள். இந்தக் கதையில் பல இடம் அப்படி இருக்கிறது. தவமணி பட்டணத்தில் இறங்கிய அன்றைக்கே பிரிக்பீல்ட்ஸில் ஒரு அம்மா கதவைத் திறந்து, வா மகளே என்று அறை கொடுத்துச் சோறும் போடுகிறாள். நானும் இளவயதில் பிரிக்பீல்ட்ஸில் ஒண்டிக் குடித்தனம் இருந்தவன், அங்கே கதவைத் திறக்கிற வீட்டுக்காரி உன் பெயரைக் கேட்கும் முன்னால் எங்கே வேலை என்று கேட்பாள். பெண்ணுக்குப் பசியே எடுப்பதில்லை, செருப்பு அறுவதில்லை. ஆனால் ஒரு இடம் இருக்கிறது வாசு. தவமணியோடு தங்கியிருக்கும் மற்றப் பெண்கள் இங்கிலீஷில் ஏதோ பேசிச் சிரிக்கிறார்கள், இவளும் கூடவே சிரிக்கிறாள், பிறகு எதற்குச் சிரித்தோம் என்று தெரியாமல் குளியலறையில் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நிற்கிறாள். அதை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். துரைமார் பேச்சுக்கு நானும் அப்படிச் சிரித்திருக்கிறேன். அதைப் போய் எழுத யாருக்குத் தெரிந்தது என்று ஆச்சரியப்பட்டேன், அதனாலேயே சந்தேகமும் கூடிவிட்டது. மகளைப் பற்றி இவ்வளவு தெரிந்தவருக்குத் தகப்பனைப் பற்றி ஒன்றும் தெரியவில்லையே. அவன் வருகிறான், இருமுகிறான், உள்ளே போகிறான். மகள் என்ன கேட்டாலும் இருமல்தான் பதில். எழுதியவர் பிள்ளை பெற்றவராகத் தெரியவில்லை. இதைப் படித்து நான் வெட்கப்பட வேண்டும் என்றுதான் நீ அனுப்பினாயா? ஈப்போ விஷயம் எங்களுக்கு முன்னால் உனக்குத் தெரியுமா? அண்ணனும் தங்கச்சியும் சேர்ந்து ஏற்பாடு செய்ததா? மழுப்பாமல் பதில் எழுது.

உன் அம்மாவிடம் கேட்டால் அவள் கட்சி மாறி எவ்வளவோ நாளாகிவிட்டது. ஹாஸ்டல் கதவுக்குத் தாழ்ப்பாள் எப்படியோ, வார்டன் யாரோ, சாப்பாடு எப்படியோ என்று நான் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் தலையைத் தூக்காமல் சொன்னாள், "நான் பதினாறு வயசுல தைப்பிங்லேருந்து முன்னப்பின்ன தெரியாத ஒங்க பின்னாடி ரயிலேறி வந்தேன். அன்னைக்கு யாரும் வந்து தாப்பாள் பாக்கல." அதற்குப் பிறகு நான் தாழ்ப்பாளைப் பற்றிப் பேசவில்லை, அவளிடம்.

நேற்று சாயங்காலம் ரமணி வந்து முன்னால் நின்றாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் புத்தகத்தைப் பிரித்தேன். "அப்பா, அந்தத் தவமணி மாதிரி நான் சொல்லாம போகமாட்டேன். வேணாம்னா வேணாம்னு வாயத் தொறந்து சொல்லுங்க. இருமிட்டு உள்ள போயிடாதீங்க" என்றாள். அந்த நேரம் பார்த்து எனக்கு நிஜமாகவே தொண்டை கரகரத்தது, அடக்கிக்கொண்டேன். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன் வாசு, உனக்கு மட்டும் சொல்கிறேன். அவள் கண்ணைப் பார்த்தபிறகு வந்தது வேறு. "நானும் ஈப்போவுக்கு வருவேன். எடத்தைப் பாப்பேன், வார்டன்கிட்டப் பேசுவேன். சரியில்லேன்னா அடுத்த ரயில்ல ஒன்னைக் கூட்டிக்கிட்டு வந்துடுவேன். சரியா இருந்தா விட்டுட்டு வரேன்" என்றேன். சரிப்பா என்றாள், அப்படியே என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள், சின்னப் பிள்ளையில் உட்கார்வது போல. நல்லதுதானா என்று எனக்கு இன்னும் நிச்சயமில்லை. ஈப்போவைப் பார்க்காமல் நான் எதையும் நம்பமாட்டேன்.

நீ மழையில் நனையாதே, வெளிக்கடையில் காரமாகச் சாப்பிடாதே, பதிலைப் பெரிய எழுத்தில் எழுது. ஆத்தா மாரியம்மன் உனக்கு நீண்ட ஆயுசும் நல்ல புத்தியும் கொடுக்கட்டும், தீபாவளிக்கு லீவு கிடைத்தால் வா. ஒன்று மறக்காதே. நாவலில் கடைசிப் பகுதி மிச்சம் இருக்கிறது, நான் இன்னும் படிக்கவில்லை, லெட்சுமி தினமும் கேட்கிறாள். ரமணியை விட்டுவிட்டு வந்துதான் படிப்பேன். நீ படித்திருந்தால் முடிவை எழுதி அனுப்பாதே. மகளை அனுப்பிவிட்ட தகப்பன் என்ன ஆவான் என்பதை எனக்கு முன்னால் அந்தக் கதையை எழுதிய ஆள் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
உன் அப்பா
மு. அய்யாவு